ஆவணத்துக்கு ஓர் ஆசிரியர் வேண்டும்

திறமூல மென்பொருள்களின் கையேடுகளைப் பற்றிக் குறை சொல்லாத நிரலர் எவரும் இல்லை. 2017-இல் கிட்ஹப் நடத்திய கணக்கெடுப்பில், ஆவணங்கள் அரைகுறையாகவோ காலாவதியாகவோ இருக்கின்றன என்ற சிக்கலை 93 விழுக்காட்டினர் சுட்டினார்கள். அதே கணக்கெடுப்பில் பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர், தாங்கள் ஆவணத்துக்குப் பங்களிப்பது அபூர்வம் அல்லது இல்லவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்கள். முறையிடக் கூட்டம் இருக்கிறது, எழுதத்தான் ஆள் இல்லை.

இதற்கு இன்று எல்லோரும் கைகாட்டும் தீர்வு, ‘டாக்ஸ் ஆஸ் கோட்’. நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே ஆவணத்தையும் வைத்து, கிட் வழியாகப் பதிப்புகளைக் காத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் புல் ரிக்வெஸ்ட்டாக வாங்கி, சோதனைகளை ஓடவிட்டு, பிறகு சேர்ப்பது. இந்த முறை நல்லதுதான். ஆனால் அது தீர்க்காத சிக்கலையும் தீர்த்துவிட்டதாகப் பலர் நம்புகிறார்கள்.

முதலில் அதன் பலம். ஜாங்கோவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவாகி, 2005-இல் பொதுவெளிக்கு வந்த வலைச் சட்டகம் அது. (எழுத்தோடு புழங்கும் இடத்தில் பிறந்ததால்தான் அதன் கையேடு நன்றாக அமைந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு, நிரூபிக்க முடியாது.) புதிய வசதி ஒன்றை அனுப்பினால் சோதனைகளும் ஆவணமும் கூடவே வர வேண்டும், வராவிட்டால் சேர்க்கமாட்டார்கள். பக்கங்களில் எந்த வசதி எந்தப் பதிப்பில் வந்தது என்ற குறிப்பு இருக்கும். ஆதரவு முடிந்த பழைய பதிப்பின் பக்கத்தைத் திறந்தால், இது பாதுகாப்பற்ற பதிப்புக்கானது என்று தலைமாட்டிலேயே எச்சரிக்கை நிற்கும். தேடுபொறி நம்மைப் பழைய பக்கத்தில் கொண்டுபோய்த் தள்ளும்போது இந்த ஒற்றை வரி எத்தனை மணிநேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

பைத்தானின் ‘டாக்டெஸ்ட்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2001-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே அது இருக்கிறது. ஆவணத்தில் காட்டிய எடுத்துக்காட்டை இயக்கிப் பார்த்து, பக்கத்தில் எழுதியிருக்கும் விடைதான் வருகிறதா என்று ஒப்பிடும். ரஸ்ட் மொழியிலும் ஆவணக் குறிப்புகளில் உள்ள எடுத்துக்காட்டுகள் மற்றச் சோதனைகளோடு சேர்ந்தே ஓடுகின்றன. அப்படிச் சோதிக்கும் திட்டத்தில் ஆவணம் அவ்வளவு எளிதில் பொய் சொல்ல முடியாது.

ஆனால் பொய் சொல்லாத ஆவணமெல்லாம் புரியும் ஆவணம் ஆகிவிடாது. ஜாங்கோவின் பாடத்தொடரையே பாருங்கள். வாக்கெடுப்புச் செயலி ஒன்றைக் கட்டும் அந்தத் தொடரின் இரண்டாம் பாகத்தில், கேள்வி அண்மையில் வெளியானதா என்று பார்க்கும் ஒரு குட்டி ஃபங்ஷன் வருகிறது. வெளியீட்டுத் தேதி நேற்றைக்குப் பிந்தியதா என்று மட்டும்தான் அது பார்க்கும். அடுத்த மாதம் வெளியாகப்போகும் கேள்வியைக் கொடுத்தாலும் ‘ஆம்’ என்றுவிடும். படிப்பவர் சந்தேகப்படாமல் தட்டச்சு செய்து கடந்துபோவார். ஐந்தாம் பாகம் வந்ததும் அந்தப் பிழையைக் காட்டி, அதைப் பிடிக்க ஒரு சோதனை எழுதச் சொல்லி, பிறகு திருத்தவைக்கிறது. சோதனை எதற்கு என்று அதன் பிறகு எவரும் கேட்கமாட்டார்கள். மாணவன் தன் கையாலேயே எழுதிய பிழையைப் பிறகு அவனையே கண்டுபிடிக்கவைப்பது நல்ல வாத்தியாரின் வேலை. எந்தத் தானியங்கிச் சோதனையும் இதைச் செய்யாது. சொல்லப்போனால், கெட்டிக்காரச் சோதனைக் கருவி அந்தப் பிழையை இரண்டாம் பாகத்திலேயே திருத்தச் சொல்லிப் பாடத்தைக் கெடுத்திருக்கும்.

‘டாக்ஸ் ஆஸ் கோட்’ முறையின் பெரிய குறை, திருத்தங்கள் துண்டுதுண்டாக வருவது. ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டும் ஒரு பத்தியைச் சேர்க்கிறது. பக்கத்தை முழுதாகப் படித்து, வேண்டாததை வெட்ட எவருக்கும் பொறுப்பில்லை. சரிபார்ப்பவரும் பெரும்பாலும் அந்த நிரலை எழுதியவரோ அதை நன்கு அறிந்தவரோதான். புதியவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது அவர் கண்ணில் படாது.

சில நேரங்களில் குறை எழுத்திலேயே இருக்காது. கிட்டின் ‘செக்அவுட்’ கட்டளை கிளை மாற்றவும் பயன்பட்டது, கோப்பைப் பழைய நிலைக்கு மீட்கவும் பயன்பட்டது. எத்தனை விளக்கம் எழுதினாலும் புதியவர்கள் குழம்பினார்கள். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் ‘ஸ்விட்ச்’, ‘ரிஸ்டோர்’ என்று இரண்டு தனிக் கட்டளைகள் வந்த பிறகுதான் விளக்குவது எளிதானது. ஆவணம் நீண்டுகொண்டே போனால் வடிவமைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

கதவு அகலமாகத் திறந்திருப்பதற்கும் விலை உண்டு. திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபர்தோறும் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020-இல் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டிஷர்ட் என்றதும், ரீட்மீ கோப்பில் ‘அற்புதமான புராஜெக்ட்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியைச் செருகும் கோரிக்கைகள் குவிந்தன. பராமரிப்பவர்கள் திணறினார்கள், விரும்பும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. இதில் நம் நாட்டு மாணவர்களின் பங்கு கணிசம் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் தவறு, ஆவணத் திருத்தம் என்றால் கத்துக்குட்டிகளுக்கான வேலை என்று காலங்காலமாகச் சொல்லிவைத்தவர்களுடையது.

2019-இல் கூகுள் ‘சீசன் ஆஃப் டாக்ஸ்’ என்று தொடங்கி, தொழில்முறை எழுத்தாளர்களைப் பணம் கொடுத்துத் திறமூலத் திட்டங்களோடு இணைத்தது. எழுத்தும் கூலிக்குரிய உழைப்பு என்று ஏற்றுக்கொண்ட வகையில் அது சரியான திசை. ஆனால் சில மாதம் வந்துபோகும் எழுத்தாளரால் ஓர் ஆவணத்தை வளர்க்க முடியாது. ஒவ்வொரு திட்டத்திலும் நிரலைச் சேர்க்கும் அதிகாரம் உள்ளவர்களுக்குச் சமமாக, ஆவணத்தை வெட்டவும் மறுக்கவும் அதிகாரமுள்ள ஓர் ஆசிரியர் நிரந்தரமாக இருக்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில் ‘டாக்ஸ் ஆஸ் கோட்’ என்பது வெறும் கோப்பு அடுக்கும் முறைதான்.

முதல் பங்களிப்பைத் தேடும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காற்புள்ளியைத் திருத்தி அனுப்பாதீர்கள். எதுவும் நிறுவாத கணினியில் நிறுவல் பக்கத்தை முதல் வரியிலிருந்து அப்படியே செய்துபாருங்கள். எந்த வரியில் நின்றீர்கள், திரையில் என்ன பிழை வந்தது, எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு என்று எழுதி அனுப்புங்கள். திட்டத்தை உருவாக்கியவர்களால் இனி ஒருபோதும் முதல்முறையாக அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாது, உங்களால் முடியும்.