வாவிக் கரையும் வெண்திரையும்: தன்னுணர்வுத் திரைப்படமும் அதன் சுவைஞரும்

கலைகள் யாவற்றுள்ளும் இளையது திரைப்படம். 1895ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லூமியேர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்றுப் படங்காட்டிய நாள் தொட்டு, அது கலைப் பொருளாகவும் சந்தைப் பொருளாகவும் ஒருங்கே வளர்ந்து வந்துள்ளது. கவிதை புனையப் புகும் ஒருவனுக்கு ஏடும் எழுதுகோலும் போதும். திரைப்படம் ஆக்குவோனுக்கோ பெரும்பொருளும் கருவிகளும் பலர்தம் துணையும் வேண்டும். பொருளிட்டவன் அதனைப் பெருக்கி மீட்க விழைவது இயல்பு. ஆகவே, பலரும் விரும்புவதையே காட்டவேண்டும் என்னும் நியதி இக்கலையின் பிறவி நோயாயிற்று. இந்நிலையில், கவிஞன் தன் அநுபவத்தைப் பாடுவதுபோலத் திரைக்கலைஞன் ஒருவன் தன் வாழ்வையும் நினைவையும் படமாக்கல் இயலுமா? இயலுமெனின், அதனைக் காண வருவோர் யாவர்? இவ்விரு வினாக்களுள் முன்னதற்கு விடை கண்டோர் உளர். பின்னதே இன்றும் இடர் தருவது.

இரண்டனையும் ஒரே வினாவாகக் கொண்டவருள் முதன்மையானவர் அமெரிக்காவில் வாழ்ந்த மாயா டெரன் அம்மையார். 1943ஆம் ஆண்டு, தம் கணவரோடு சேர்ந்து, தம் இல்லத்தையே களமாகவும் தம்மையே பாத்திரமாகவும் கொண்டு, 16 மில்லிமீற்றர் படச்சுருளிற் குறும்படமொன்றை அவர் ஆக்கினார். கனவின் போக்கினைத் தழுவிய அப்படத்தைத் திரையிட எந்தப் படமாளிகையும் முன்வாராதென்பதை அவர் அறிந்திருந்தார். 1946இல் நியூயோர்க் நகரிற் சிறு நாடக அரங்கொன்றைத் தாமே வாடகைக்கு அமர்த்தித் தம் படங்களைக் காட்டினார். கல்லூரிகளுக்குப் படச்சுருளோடு சென்று, திரையிட்டு, விளக்கவுரையும் ஆற்றினார். அம்முயற்சியாற் கிளர்ச்சியுற்ற ஏமோஸ் வோகல் என்பார் அடுத்த ஆண்டே 'சினிமா 16' என்னும் திரைப்படக் கழகத்தை நிறுவினார். தன்னுணர்வுத் திரைப்படத்தைப் படைத்தவரே அதற்குரிய சுவைஞரையும் படைத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாம்.

ஈழநாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. சிங்களத் திரைக்கலையின் தந்தை எனப் போற்றப்படும் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், இலண்டனில் வாழ்ந்த காலத்துத் தன்னார்வக் கலைஞராய்ச் சிறு படங்கள் எடுத்துப் பயின்றவர். பின்னர் அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் பணியாற்றி, அதனின்று விலகி, 1956இல் 'ரேகாவ' என்னும் படத்தை அளித்தார். தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையங்களின் செயற்கைக் காட்சிகளைத் துறந்து, கிராமத்து வெயிலையும் வயலையும் அது வெண்திரைக்குக் கொணர்ந்தது. 1957இற் கான் திரைப்பட விழாவிலும் அஃது இடம்பெற்றது. ஆயினும், உள்நாட்டில் வருவாய் ஈட்டவில்லை. ஏழாண்டு கழித்து அவர் எடுத்த 'கம்பெரலிய' 1965இல் புதுடில்லி விழாவிற் பொன்மயில் விருது பெற்றது. அது மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவியது. அந்நாவல் வெளிவந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் கழிந்திருந்தன. அதனைக் கற்றுச் சுவைத்த வாசகர் கூட்டமொன்று அப்படத்துக்கு முன்னரே உருவாகியிருந்தது என்பது கருதத்தக்கது.

ஈழத்துத் தமிழ்ப் படத்துக்கு இந்நற்பேறு வாய்க்கவில்லை. தர்மசேன பத்திராஜா, காவலூர் இராசதுரையின் கதை வசனத்தோடு யாழ்ப்பாணத்தை நிலைக்களமாகக் கொண்டு ஆக்கிய 'பொன்மணி' 1977இல் வெளிவந்தது. சாதியையும் சீதனத்தையும் உரத்துப் பேசாது, மௌனத்தாலும் முகக்குறிப்பாலும் உணர்த்திய அப்படத்தை இன்று திறனாய்வாளர் உயர்த்திப் பேசுவர். வெளிவந்த ஞான்றோ அதனை ஆதரிப்பார் இலர். சென்னைப் படங்களின் பாட்டுக்கும் சண்டைக்கும் பழகிய கண்கள், தம் வீட்டு முற்றத்தையே திரையிற் கண்டபோது அதனைக் கலையென அறிந்துகொள்ளவில்லை. ஈழத்துத் தமிழ் இலக்கியம் தனக்கென வாசகரை ஆக்கிக்கொண்ட காலத்தில், ஈழத்துத் தமிழ்ப் படமோ கடன்பெற்ற சுவையினரையே எதிர்நோக்கி நின்றது. குறை படத்தினது மட்டுமன்று, பார்ப்போரது மட்டுமன்று. இருவரையும் இணைக்கும் பாலம் கட்டப்படவில்லை.

இப்பின்னணியிலேயே மட்டக்களப்பு வாவிக் கரையிற் பிறந்த பாலு மகேந்திராவின் கலைவாழ்வு ஆராயத்தக்கது. மாமாங்கேசுவரர் ஆலயத்தாற் புகழ்பெற்ற அமிர்தகழியில் 1939இற் பிறந்தவர் அவர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றார். மாணவப் பருவத்திற் சுற்றுலாச் சென்ற வேளை, கித்துள்கலையில் டேவிட் லீன் நடத்திய படப்பிடிப்பைக் கண்டதே தம்மைத் திரைக்கலைக்கு ஈர்த்ததெனப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். கொழும்பில் அரசாங்கப் பணி புரிந்தும், 'தேனருவி' என்னும் இலக்கிய ஏட்டை நடத்தியும் வாழ்ந்தபின், பூனாத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969இற் பொற்பதக்கத்தோடு வெளியேறினார். 2014ஆம் ஆண்டு மாசித் திங்களில் மறையும்வரை அவர் சென்னையையே இருப்பிடமாகக் கொண்டார். பிறந்த மண்ணில் அவர் திரைப்படம் எதனையும் இயக்கவில்லை.

1979இல் வெளிவந்த 'அழியாத கோலங்கள்' அவருடைய தன்னுணர்வுப் படைப்புக்களுள் முந்தியது. பதின்பருவச் சிறுவர் மூவரின் நட்பும், மலரும் ஆசையும், எதிர்பாராச் சாவும் அதன் பொருள். தம் இளமை நினைவுகளே அதற்கு ஊற்று என்றார் அவர். ஆயினும், வாவியும் தோணியும் கண்டல் மரங்களும் அதில் இல்லை. ஈழத்து இளமை தமிழ்நாட்டுக் கிராமத்தின் கதையாக உருமாறிற்று. சென்னைச் சுவைஞருக்குப் பழகிய நிலமும் மொழியும் வேண்டப்பட்டமையின் இம்மாற்றம் நேர்ந்ததாதல் கூடும். நினைவு மெய்யானது, அதன் நிலமோ பெயர்த்து நட்டது. ஒரு கலைஞன் தன் சுவைஞரைத் தேடிச் செல்கையில் எதனை இழக்க நேர்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1988இன் 'வீடு' அவ்விழப்பை வேறு வகையால் ஈடுசெய்தது. தம் அன்னையார் வீடு கட்டிய காலத்தில் அவரிடம் நேர்ந்த மாற்றமே அப்படத்தின் வித்து என அவர் கூறியதுண்டு. வாடகை வீட்டை விட்டு வெளியேற நேர்ந்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி, இருக்கும் சிறு நிலத்தில் வீடு கட்டப் படும் பாடே கதை. பாடல் இல்லை, சண்டை இல்லை, வில்லன் எனத் தனியே ஒருவனும் இல்லை. அத்திவாரம் வெட்டுவதும் செங்கல் அடுக்குவதும் கடனுக்கு அலைவதுமே நிகழ்ச்சிகள். முடிவுறாத அவ்வீட்டைக் காணவரும் முதியவர் சுவரைத் தடவிப் பார்க்கும் காட்சியில், சொல்லால் உரைக்கலாகாத நிறைவும் துயரும் ஒருங்கே நிற்கின்றன. முதியவராய் நடித்த சொக்கலிங்க பாகவதரின் தளர்ந்த நடையையும், அர்ச்சனாவின் ஒப்பனையற்ற முகத்தையும், சாளரத்தின்வழி வீழும் இயற்கை ஒளியையும் கொண்டே படம் முழுதும் இயங்குகிறது. தமிழ்ப் படங்களுட் சிறந்ததென இந்திய அரசின் தேசிய விருதையும் அது பெற்றது. 'அழியாத கோலங்க'ளில் நிலத்தைத் துறந்து நினைவைக் காத்த கலைஞர், இங்கு நினைவின் பெயரையும் துறந்து அதன் சாரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அதனாலேயே அமிர்தகழித் தாயொருத்தியின் துயரம் எந்நாட்டு நடுத்தர வீட்டுக்கும் உரியதாயிற்று.

இத்தகைய படங்களுக்கு அவர் சுவைஞரை எங்ஙனம் பெற்றார்? இவ்விடத்திலே புகழ்ச்சியோடு நில்லாமல் உண்மையும் கூறவேண்டும். 1982இன் 'மூன்றாம் பிறை' பெரும் வெற்றி பெற்ற படம். ஆயினும், கதையோடு ஒட்டாத ஆடற்காட்சியொன்று அதிற் சந்தைக்குச் செலுத்திய வரியாக நிற்கிறது. அவருடைய படவரிசை இரு கிளைகளாகப் பிரிந்தமை கண்கூடு: ஒன்று வருவாய்க்கு, மற்றொன்று மனநிறைவுக்கு. 'வீடு' போன்றவை விருது பெற்றன, ஆயினும் படமாளிகைகளில் அவற்றுக்கு நிலைத்த இடம் அமையவில்லை. முதுமையின் தனிமையைப் பாடும் 'சந்தியா ராகம்' படமாளிகையாலன்றித் தொலைக்காட்சியாலேயே மக்களை அடைந்தது. பின்னாளில் தமிழ்ச் சிறுகதைகளைத் தழுவி 'கதை நேரம்' என்னும் வரிசையில் 52 குறும்படங்களைத் தொலைக்காட்சிக்கு ஆக்கினார். படமாளிகை மறுத்த சுவைஞரை இல்லத்தின் உள்ளேயே சென்று கண்ட முயற்சி அது. 'சினிமாப் பட்டறை' நிறுவி இளைஞரைப் பயிற்றினார். 2013இல் 'தலைமுறைகள்' என்னும் தம் இறுதிப் படத்திற் பாட்டனாராய்த் தாமே நடித்தார். இத்துணையும் தனிமனித முயற்சிகளே. அவற்றைத் தாங்கும் சமுதாய அமைப்பொன்று அவருக்கு வாய்க்கவில்லை.

வியப்பென்னவெனில், அவர் விட்டுச் சென்ற வாவிக் கரையில் அத்தகைய அமைப்பொன்று நூற்றாண்டுகளாக இயங்கி வந்துள்ளது. அது மட்டக்களப்புக் கூத்து. வடமோடி, தென்மோடி என இருவகைப்படும் இக்கூத்தின் ஆடலையும் பாடலையும் அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். அது தன் சுவைஞரை ஆக்கும் முறையே ஈண்டுக் கருதற்பாலது. ஊரவர் கூடிக் கூத்தைத் தெரிந்தெடுப்பர். அண்ணாவியார் பாத்திரங்களை வகுத்துச் 'சட்டங் கொடுப்பார்'. பழகுதல் முதிர்ந்தபின் 'சதங்கை அணிதல்' நிகழும். அதன்பின் 'கிழமைக் கூத்து' என வாரந்தோறும் ஊரார் முன்னிலையில் ஒத்திகை நடைபெறும். 'அடுக்குப் பார்த்த'லின் பின்னரே களரியில் அரங்கேற்றம். அது முடிந்தபின் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடி, ஊரார் தரும் அன்பளிப்பைப் பெறுவர். அரங்கேற்ற இரவில் வட்டக் களரியைச் சூழ்ந்து விடியும்வரை அமர்ந்திருப்போர், அக்கூத்தைப் பல திங்கள் முன்னரே அறிந்தவராவர். எவன் எந்தத் தருவிற் பிழைத்தான், எவனுடைய ஆட்டம் கடந்த கிழமையினும் சிறந்தது என்பன அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கட்டணம் செலுத்திப் பொழுதுபோக்க வந்தவரல்லர், படைப்பிற் பங்குகொண்டவர்.

இம்முறை கிராமத்துக்கே உரியது, கற்றோர் அவைக்குப் பொருந்தாது எனின், அக்கூற்றும் நில்லாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இற் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மேடையேற்றினார். விடியுமட்டும் நீண்ட ஆட்டத்தைச் சுருக்கி, நகரத்தார்க்கும் கற்றோர்க்கும் உரியதாக்கினார். பாமரர் கலை எனப் புறந்தள்ளப்பட்ட ஒன்றற்குப் புதிய சுவைஞர் பிறந்தனர். அதற்கும் முன்னரே, காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் 1926இல் 'மதங்க சூளாமணி' இயற்றி, சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபின் ஒளியில் விளக்கினார். புதிய கலையைப் பழகிய மரபின் வழியே அறிமுகஞ்செய்வதும் சுவைஞரை ஆக்கும் பணியே. திறனாய்வின் தலையாய கடன் அதுவே எனலாம்.

திரைப்படத்துக்கு இம்முறை ஒவ்வாது என்பார்க்கு அயல்நாடாகிய கேரளம் விடையளிக்கிறது. தமிழிலும் 'அக்கிரகாரத்தில் கழுதை' என்னும் படத்தைத் தந்த ஜோன் ஆபிரகாம், 1984இல் நண்பரோடு 'ஒடேசா' என்னும் கூட்டமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராய்ச் சென்று படங்காட்டி மக்களிடம் சிறு தொகைகளைத் திரட்டினர். அப்பொருளால் 'அம்ம அறியான்' 1986இல் உருவாயிற்று. முடிந்த படத்தையும் சுமந்து மீண்டும் ஊர்களுக்கே சென்றனர். பொருளீந்தவனே பார்ப்பவனாயினான். கிழமைக் கூத்தும் வீட்டுக்கு வீடு ஆடுதலும் மட்டக்களப்பில் நிகழ்த்துவது இதனையே.

இவ்வாறு சிறு கூட்டத்துக்கெனப் படமெடுத்தல் கலையைச் சிலர்க்கே உரியதாக்கிக் குறுக்கிவிடாதா எனச் சிலர் ஐயுறுவர். ஐயம் நேரியதே. ஆனால், எண்ணிக்கையும் அணுக்கமும் வெவ்வேறானவை. பெருந்திரளாகக் கூடியும் படைப்போடு ஒட்டாதிருப்போர் உண்டு. களரியைச் சூழ்ந்திருப்போர் ஓரூராராயினும் பல குலத்தாரும் பல வயதினருமாய் அமைவர். அவர்களை ஒன்றாக்குவது கல்வியன்று, பழக்கம். தன்னுணர்வுத் திரைப்படம் வேண்டி நிற்பது சிறு கூட்டத்தையன்று, பழகிய கூட்டத்தையே. தன்னுணர்வு என்பதைத் தன்னலமெனக் கொண்டு, பிறர்க்கு விளங்காமையையே பெருமையாகக் கருதும் படங்களும் உள. அத்தகையோர்க்கும் கிழமைக் கூத்தின் முறையே மருந்து. முடிவுறாத படைப்பை ஊரார் முன் வைப்பவன் தன் இருண்மையைத் தானே உணர்வான்.

மாயா டெரனுக்கும் பீரிஸுக்கும் பெருந்தடையாயிருந்த படச்சுருட் செலவு இன்று இல்லை. கைக்குள் அடங்கும் கருவியாற் படமெடுக்கலாம், வெள்ளைச் சுவரொன்று இருப்பின் திரையிடலாம். எனவே, வாவியைப் பற்றியும், அதன் மீனவரைப் பற்றியும், போர்க்காலத்தும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் உறவிழந்த இல்லங்களைப் பற்றியும் படமெடுக்கச் சென்னைக்குச் செல்லவேண்டிய கட்டாயமும் நீங்கிற்று. எஞ்சி நிற்பது சுவைஞரை ஆக்கும் பணி ஒன்றே. அப்பணிக்கு ஏற்ற இடம் கல்லூரி. திங்கள்தோறும் ஒரு நற்படத்தைத் திரையிட்டு உரையாடுதல், மாணவர் ஆக்கும் குறும்படங்களை முற்றுப்பெறுமுன் பெற்றோரும் ஊராரும் கூடிய அவையிற் காட்டி அவர்தம் கருத்தைக் கேட்டல், பின்னர் அயலூர்ப் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் அவற்றைக் கொண்டுசெல்லுதல் ஆகிய மூன்றும் பெரும்பொருள் வேண்டாத செயல்கள்.

மட்டக்களப்பைப் பாடும்மீன்கள் வாழும் நாடென்பர். நிலவெறிக்கும் இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பினை நீருள் ஊன்றி, அதன் மறுமுனையிற் செவிவைத்துக் கேட்பார்க்கே அவ்வொலி புலனாகும் என்பது அவ்வூரார் மரபு. தன்னுணர்வுக் கலையின் இயல்பும் அதுவே. செவிசாய்க்கும் பழக்கத்தை ஊருக்கு ஊட்டினால், அடுத்த பாலு மகேந்திரா அமிர்தகழியிலிருந்தே தம் முதற்படத்தைத் தரல் கூடும். அன்று அவர் தம் வாவியை மறைக்க வேண்டியிராது.