ஐந்து தோட்டாவா, பத்துத் தோட்டாவா?

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் இறுகப்போகிறது என்று பேச்சு கிளம்பினாலே கடைகளில் கூட்டம் கூடிவிடும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் துப்பாக்கி தொடர்பான பின்னணிச் சோதனைகள் 27 லட்சத்தைத் தாண்டின. இப்படிப்பட்ட நேரங்களில் ஒரு பழைய வழக்கும் தூசி தட்டி எடுக்கப்படும்: ரிவால்வர் நல்லதா, செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் நல்லதா?

ஒப்பிட இரண்டு சிறிய துப்பாக்கிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 642. அலுமினியக் கலவை உடல், .38 ஸ்பெஷல் தோட்டா ஐந்து, எடை சுமார் 400 கிராம். 1950-இல் வந்த குட்டி ரிவால்வர் வரிசையின் வாரிசு. மற்றொன்று 1995-இல் வெளியான கிளாக் 26. பிளாஸ்டிக் உடல், 9 மி.மீ. தோட்டா பத்து, எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இரண்டுமே சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கென்று செய்யப்பட்டவை.

கையில் எடுத்தால்

ரிவால்வரின் பெரிய பலம், அதைப் புரிந்துகொள்ள எந்தக் கையேடும் தேவையில்லை என்பது. உருளையை வெளியே தள்ளினால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? மறுபடி அழுத்தினால் போதும், உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும்.

ஆனால் அந்த விசைதான் சோதனை. 642-இன் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கும் மேலான அழுத்தம் வேண்டும். கிளாக்குக்குச் சுமார் இரண்டரைக் கிலோ போதும். 400 கிராம் துப்பாக்கியை ஐந்து கிலோ விசையால் இழுக்கும்போது குறி ஆடாமல் இருக்கப் பல மாதப் பயிற்சி வேண்டும். குழல் இரண்டு அங்குலம்கூட இல்லை. உதைப்போ உள்ளங்கையைப் பதம் பார்க்கும். உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சூடான வாயு பீறிடும் என்பதால் விரல்களை அந்தப் பக்கம் நீட்டவே கூடாது.

கிளாக் 26 இந்த விஷயங்களில் இதமானது. உதைப்பில் ஒரு பகுதியை, துப்பாக்கியின் மேலுறையான ஸ்லைடு பின்னோக்கி நகரும் வேலை உறிஞ்சிக்கொள்கிறது. தோட்டா தீர்ந்தால், தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி இன்னொன்றைச் செருகலாம். பதிலுக்கு அது சிலவற்றைக் கேட்கிறது. பிடி தளர்ந்தால் ஸ்லைடு முழுமையாகப் போய்த் திரும்பாமல் காலித் தோட்டா சிக்கிக்கொள்ளும். ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க விரல் வலு வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் பலர் ரிவால்வர் பக்கம் போவதற்கு இது ஒரு காரணம். அவர்களை மனதில் வைத்தே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-இல் எளிதாக இழுக்கக்கூடிய ஷீல்டு ஈஸி பிஸ்டலைக் கொண்டுவந்தது.

ரிவால்வர் சிக்காது என்பதும் பாதி உண்மைதான். எரியாத மருந்துத் துகள்கள் உருளையின் பின்புறம் அடைத்தாலோ, இலேசான துப்பாக்கியின் உதைப்பில் அடுத்த தோட்டாவின் குண்டு முன்னுக்கு நகர்ந்துவிட்டாலோ உருளை சுழலாமல் இறுகிவிடும். அந்த இடத்திலேயே நின்று சரிசெய்வது கடினம்.

காவலர்கள் ஏன் மாறினார்கள்

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையரோடு நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கையில் காயம்பட்ட ஒரு முகவரால் ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்ப முடியவில்லை. அன்று சண்டையை முடித்துவைத்ததும் இன்னொரு முகவரின் ரிவால்வர்தான் என்றாலும், எஃப்.பி.ஐ.யை பிஸ்டல் பக்கம் தள்ளியது அந்த நாள். நியூயார்க் நகரக் காவல்துறை 1993-இல் மாறத் தொடங்கியது. அங்கே கடைசி ரிவால்வர்கள் 2018-இல்தான் ஓய்வு பெற்றன.

ரிவால்வரை வேகமாக நிரப்பவே முடியாது என்பதில்லை. 1999-இல் துப்பாக்கி சுடும் வீரர் ஜெர்ரி மிக்குலெக் ஆறு தோட்டா ரிவால்வரில் ஆறு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு சுட எடுத்துக்கொண்டது 2.99 வினாடி. உலகில் மிகச் சிலருக்கே அது கைவரும்.

சட்டம் நடுவில் வந்தால்

1994 செப்டம்பரில் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம், பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களைப் புதிதாகத் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடுத்தது. பழையவை தப்பின, அவற்றின் விலை ஏறியது. பத்துதான் வரம்பு என்றால் பெரிய உடல் எதற்கு? மறு ஆண்டே வந்த கிளாக் 26-இன் மேகசினில் சரியாகப் பத்து. பெரிய மேகசினைக் கட்டுப்படுத்த வந்த சட்டம், சட்டைக்குள் ஒளியும் பிஸ்டலுக்குச் சந்தையை விரித்துக் கொடுத்தது. 2004-இல் அது காலாவதியானது; கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் பத்து என்ற வரம்பு இன்றும் உண்டு.

இந்த வரம்பில் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் உள்ள தூரம் குறைகிறது. முழு அளவுத் துப்பாக்கிகளில் ஆறுக்கு எதிரே பதினேழு என்றிருந்த கணக்கு ஆறுக்கு எதிரே பத்தாகிறது. 2013-இல் நியூயார்க் ஒருபடி மேலே போய், மேகசினில் ஏழுக்கு மேல் நிரப்பக்கூடாது என்றது. அது நிலைத்திருந்தால் ஏழு தோட்டா ரிவால்வர்கள் பிஸ்டலுக்குச் சமமாகியிருக்கும். அந்த ஆண்டின் கடைசி நாளில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அந்தப் பிரிவை ரத்து செய்தார்.

கலிஃபோர்னியாவின் வழி வேறு. அங்கே கடைகள் விற்கும் புதிய கைத்துப்பாக்கி, அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் புதிதாக ஏற, பிஸ்டலில் அறைக்குள் தோட்டா இருப்பதைக் காட்டும் குறி வேண்டும். மேகசினைக் கழற்றினால் சுட முடியாதபடி பூட்டும் வேண்டும். மேகசினைக் கழற்றிவிட்டு "காலி" என்று நம்பி விசையை அழுத்தி நடந்த விபத்துகளுக்கான பதில் இது. 2013-இல் காலித் தோட்டாவில் நுண்ணிய அடையாளம் பதிக்கும் விதியும் சேர்ந்தபின், பத்தாண்டுக் காலம் எந்தப் புதிய பிஸ்டல் மாடலும் பட்டியலில் ஏறவில்லை. இந்த மூன்று விதிகளும் ரிவால்வரைத் தொடவில்லை. 2025-இல் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டம், எளிதில் தானியங்கித் துப்பாக்கியாக மாற்றக்கூடிய பிஸ்டல்களைக் கடைகள் விற்பதை 2026 ஜூலை 1 முதல் தடுக்கிறது. கிளாக் என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் அதில் விவரிக்கப்படும் சிலுவை வடிவ விசைப் பட்டை கிளாக்கினுடையது.

ரிவால்வருக்கு எப்போதும் இந்தச் சலுகை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் கொன்றவனிடம் பிஸ்டல், ரிவால்வர் இரண்டும் இருந்தன. மறு ஆண்டு பிரிட்டன் இரண்டையுமே தடை செய்தது. 2003-இல் ஆஸ்திரேலியா குழலை அளந்தது: விளையாட்டுக்காகச் சுடுபவரின் பிஸ்டலுக்குக் குறைந்தது 120 மி.மீ., ரிவால்வருக்கு 100 மி.மீ. நம் இரு துப்பாக்கிகளும் அங்கே தேறாது. கனடா 2022 அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனையையே முடக்கிவிட்டது.

தீர்ப்பு

வாரம் ஒருமுறையாவது சுடுதளத்துக்குப் போகிறவருக்கு, பத்து என்ற வரம்புக்குள்ளும் கிளாக் 26-தான் மேல்: விசை இலகு, குறி நிலைக்கும், தோட்டா இரட்டிப்பு. பயிற்சிக்கு நேரமில்லாதவர் 642-ஐ எளிது என்று நம்பி வாங்கினால் ஏமாறுவார். அதை இயக்கத்தான் எளிது, குறி தப்பாமல் சுட அல்ல. ஸ்லைடை இழுக்க முடியாத கை, தோட்டா இருப்பதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்ற கவலை, கலிஃபோர்னியா முகவரி. இவற்றில் இரண்டு பொருந்துகிறவருக்கு ரிவால்வர். ஆனால் இடுப்பில் சற்றே கனமான எஃகு உடல் மாடலைத் தேர்ந்தெடுத்தால் உள்ளங்கை தப்பிக்கும்.