தரை டிக்கெட்

சென்ற மாதம் தபால்தலை வாங்குவதற்காக மவுண்ட் ரோடு தபால் நிலையத்துக்குப் போயிருந்தேன். (பழக்க தோஷம், அண்ணா சாலை என்று வாசகர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.) அந்த வளாகத்துக்குள்ளே தபால்தலை சேகரிப்பவர்களுக்கென்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. குமாஸ்தாக்கள் உட்கார்ந்து முத்திரை குத்துவதற்காகக் கட்டிய இடம் அல்ல இது என்பது பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். 1913-ல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் இதுதான். சென்னையில் சினிமாவுக்கென்றே எழுந்த மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று. சில வருஷங்கள் ஊமைப் படங்கள் ஓடின. பிறகு கொட்டகை மூடப்பட்டு, கட்டடம் தபால் இலாகாவின் கைக்குப் போயிற்று.

அங்கே நின்றபோது எனக்கு ஒரு விபரீதமான எண்ணம் தோன்றியது. இந்தத் தெருவில் இதற்குப் பின்னால் எத்தனை கொட்டகைகள் வந்தன! சினிமாவையே நம்பிக் கடைசிவரை இருந்தவற்றில் பெரும்பாலானவை மண்ணோடு மண்ணாகிவிட்டன. சினிமாவைச் சீக்கிரமே கைவிட்டுச் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போன இந்த ஒன்றுதான் நூறு வயதைத் தாண்டி நிற்கிறது. நம் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி கட்டடங்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறது!

வேடிக்கை இருக்கட்டும். எலெக்ட்ரிக் வந்த மறு வருஷமே, 1914-ல், ரகுபதி வெங்கையா கெயிட்டியைத் திறந்தார். இவர் போட்டோ பிடிக்கும் தொழில் செய்தவர். இந்தியர் ஒருவர் சென்னையில் கட்டிய முதல் சினிமாக் கொட்டகை என்ற பெருமை அதற்கு உண்டு. அடுத்து ஜார்ஜ் டவுனில் கிரௌன், புரசைவாக்கத்தில் குளோப் என்று அவரே மேலும் இரண்டைக் கட்டினார். குளோப் பிற்காலத்தில் ராக்ஸி ஆயிற்று. 1931-ல் தமிழ் பேசிய முதல் படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' கினிமா சென்ட்ரலில் வெளியாயிற்று. 1944 தீபாவளிக்கு பிராட்வேயில் வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் நடித்த தியாகராஜ பாகவதர் அந்தக் காலத்தின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தார். அவர் உள்ளே, அவர் பாட்டு வெளியே. ஜனங்கள் கொட்டகையை விட்டுப் போகவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் வந்தவை இன்னும் பெரியவை. 1961-ல் சாந்தி, 1962-ல் ஆனந்த், 1964-ல் சபையர். சபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள். புளூ டயமண்டில் தொடர்காட்சி. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். வெளியே வெயில் தாங்காதவர்கள் படத்தைவிடக் குளிருக்காகவே போனார்கள் என்று சொல்வதுண்டு.

இன்று? கெயிட்டி இல்லை. எல்பின்ஸ்டனும் வெலிங்டனும் வர்த்தகக் கட்டடங்களாயின. ராக்ஸி இருந்த இடம் ஜவுளியும் பாத்திரமும் விற்கும் பெருங்கடை. மயிலாப்பூர்க் காமதேனுவில் கெட்டிமேளம் கொட்டுகிறது, கல்யாண மண்டபம். சபையரை இடித்த பிறகு அந்த மனை பல வருஷங்கள் வெறுமையாகக் கிடந்தது. சாந்தி 2016-ல் மூடிற்று. 1983-ல் அசோக் நகரில் திறந்த உதயம், ஒரு பேருந்து நிறுத்தத்துக்கே பெயர் கொடுத்த உதயம், 2024-ல் முடிந்தது.

ஒவ்வொரு கொட்டகை மூடும்போதும் நம் பத்திரிகைகளில் இரங்கற் கட்டுரைகள் வருகின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். எல்லாவற்றிலும் ஒரே வாசனைதான். எல்பின்ஸ்டன் ஐஸ்கிரீம், மினர்வாவின் இங்கிலீஷ் படம், பால்கனிப் படிக்கட்டின் பளபளப்பு, குளிர்சாதனத்தின் முதல் சிலிர்ப்பு. இவை பொய்யல்ல. ஆனால் எல்லாம் பால்கனியிலிருந்து பார்த்த காட்சிகள். தண்டையார்ப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஆலை ஷிப்டு முடிந்து வந்தவன் எந்தக் கொட்டகையில் எந்த மூலையில் உட்கார்ந்தான் என்பதை இந்தக் கட்டுரைகளில் தேடினால் கிடைக்காது. அவன் எழுதவில்லை, எழுதியவர்கள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் உட்கார்ந்த இடம் எப்போதும் அவர்களுக்கு முன்னால்தான் இருந்தது என்பதை நினைத்தால் இது இன்னும் விசித்திரம்.

பிறரைச் சொல்வானேன்? நானே அப்படி ஒரு கட்டுரை எழுதியவன்தான். எங்கள் பக்கத்துக் கொட்டகை ஒன்று மூடப்பட்டபோது, கண்ணீர் மல்க நாலு பக்கம் எழுதினேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். சில நாள் கழித்துக் கடைத்தெருவில் ஒருவர் என்னை நிறுத்தினார். அந்தக் கொட்டகை வாசலில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர். "படிச்சேன் சார், நல்லா எழுதியிருந்தீங்க" என்றார். நான் சம்பிரதாயமாகச் சிரித்தேன். பிறகு அவர் கேட்டார்: "நம்ம கொட்டாய்க்குக் கடைசியா எப்போ சார் வந்தீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே ஞாபகம் வரவில்லை, அதனால் கேட்டார். நான் மனத்துக்குள் கணக்குப் பார்த்தேன். பதினோரு வருஷம்! பதினோரு வருஷமாக நான் அந்தப் படியை மிதிக்கவில்லை. என் சந்ததியார் குளிர்ந்த, புதிய, ஐந்தாறு திரைகள் உள்ள அரங்குகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக நானும் போய்க்கொண்டிருந்தேன். ஒருவனைப் பதினோரு வருஷம் பட்டினி போட்டுவிட்டுக் கருமாதிக்கு முதல் ஆளாக வந்து நின்றவன் நான்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வியை எனக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்: நாம் இழந்தது எதை?

கட்டடத்தையா? கட்டடம்தான் என்றால் எலெக்ட்ரிக் தியேட்டர் முன்னால் நின்று நாம் ஆனந்தப்பட வேண்டும். சுவர் இருக்கிறது, ஆனால் அங்கே தபால்தலைதான் கிடைக்கும். ஆகவே, இழந்தது சுவர் அல்ல.

ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி ஒரு முக்கியமான கருத்தைச் சொல்லியிருக்கிறார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் கூடி உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்பது அவர் முடிவு. கோயிலை எண்ணிப் பாருங்கள். யார் எதுவரை வரலாம் என்ற கோடு அங்கே நெடுங்காலம் இருந்தது. சங்கீத சபையை எண்ணிப் பாருங்கள். கொட்டகை ஒன்றுதான் 'காசு கொடு, உள்ளே வா' என்றது. காசுக்குத் தக்கபடி தரை, பெஞ்சு, நாற்காலி, பால்கனி என்று பிரித்தது உண்மை. தரைக்குத் தனி வாசல் வைத்ததும் உண்மை. ஆனால் விளக்கை அணைத்த பிறகு எல்லார் முகத்திலும் விழுந்தது ஒரே வெளிச்சம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நகரத்தின் விளிம்பில், கீற்றுக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. பின்னால் நாற்காலி, நடுவே பெஞ்சு, முன்னால் வெறும் மணல். எனக்கு எட்டு வயது. அப்பா, அம்மா, அத்தை எல்லாருமாக நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம். தாயோடு சண்டை போட்டுக்கொண்டு மகன் வீட்டை விட்டுப் போகும் கட்டத்தில், "ரொம்ப மிகை" என்று அப்பா அத்தையிடம் சொன்னார். நானும் அப்படியே தீர்மானித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாளின் மகன் என்னை ரகசியமாக அதே படத்துக்குத் தரை டிக்கெட்டில் கூட்டிப் போனான். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் என்னை உட்கார வைத்தான். அதே கட்டம் வந்தது. மகன் வாசலைத் தாண்டி நடக்கிறான். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்பிள்ளை, மடியில் குழந்தையோடு இருந்தவள், திரையைப் பார்த்துக் கத்தினாள்: "அடப்பாவி, ஒரு தரம் திரும்பிப் பாருடா!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. போன வாரமும் பார்க்கவில்லைதான். ஆனால் அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையே போன வாரம் நான் பார்க்கவில்லை. கதை என்பது என்ன என்று காலேஜில் இண்டர்மீடியட் வகுப்பில் எனக்கு எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கூக்குரல் சொல்லிக் கொடுத்ததற்கு மேலே ஒன்றும் கற்றுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. இன்றும் ஓர் அத்தியாயத்தை முடித்ததும் அந்தக் குரல் வருகிறதா என்று காத்திருக்கிறேன். பல சமயம் வருவதில்லை. அப்பாவின் குரல்தான் வருகிறது.

இதைப் படித்துவிட்டு, பழைய கொட்டகைகள் சொர்க்கம் என்று நான் சாதிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். மூட்டைப்பூச்சி உண்டு, பீடிப் புகை உண்டு. கள்ளமார்க்கெட்டில் டிக்கெட் விற்பவர்களின் ராஜ்யம் உண்டு. தனியாக வந்த பெண்கள் பட்ட தொல்லையை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். குளிர்ந்த புது அரங்குகளுக்குப் பெண்கள் பயமின்றிப் போகிறார்கள் என்றால், அதைப் பழித்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கொட்டகைகளைக் கொன்றது டெலிவிஷன் என்கிறார்கள். சென்னைக்கு அது 1975-லேயே வந்துவிட்டது. வீடியோ காஸெட்டும் பின்னாலேயே வந்தது. இரண்டையும் தாங்கிக்கொண்டு கொட்டகைகள் பல வருஷம் நடந்தன. அவற்றின் ஆதாரமே வேறு. முன்பெல்லாம் ஒரு படத்துக்குச் சில பிரதிகளே போடுவார்கள். பிரதி எடுக்கச் செலவு அதிகம். ஆகவே நகரத்தில் நாலைந்து கொட்டகைகளில்தான் படம் ஓடும். பார்க்க விரும்பும் அத்தனை பேரும் அந்த நாலைந்துக்குத்தான் வந்தாக வேண்டும். ஆயிரம் ஆசனம் நூறு நாள் நிரம்பியதன் ரகசியம் இதுதான். பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்ததும், படம் ஒரே நாளில் எல்லாத் திரைகளிலும் ஏறிற்று. பார்க்க வேண்டியவர்கள் முதல் வாரத்திலேயே பார்த்துத் தீர்த்துவிடுகிறார்கள். அதற்குப் பின் ஆயிரம் ஆசனக் கொட்டகையில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு முதலாளி என்ன செய்வார்? அவர் காலடியில் இருக்கும் மண்ணின் விலையோ வானத்தைத் தொடுகிறது. 2020-ல் நோய் வந்து பல மாதங்கள் கதவைச் சாத்தியது கடைசித் தள்ளு. முதலாளிகளைக் குறை சொல்வது எளிது. அவர்கள் இடத்தில் நாம் இருந்தால் வேறு செய்திருப்போமா?

தரை டிக்கெட் என்ன ஆயிற்று? கௌரவமாக, படிப்படியாக மறைந்தது. மணல் போய்ப் பெஞ்சு வந்தது, பெஞ்சு போய் நாற்காலி வந்தது, நல்லதுதான். ஆனால் விலையும் கூடவே ஏறி, தரையில் இருந்தவன் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டான். தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்குச் சர்க்கார் வரம்பு உண்டு. பல திரை அரங்குகளில் 2017 வரை உச்சம் 120 ரூபாய். முன்வரிசைகளில் சில ஆசனங்கள் 10 ரூபாய். அந்தப் பத்து ரூபாய்ச் சீட்டை விற்கும் ஜன்னலைக் கண்டுபிடிப்பவன் பெரிய சாமர்த்தியசாலியாக இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். இருந்தாலும், தரை டிக்கெட்டின் கடைசி நிழல் சட்டத்திலாவது இருந்தது. 2017-ல் உச்சவரம்பு ஏறிற்று. அதன்மேல் வரி, வரியின்மேல் சோளப்பொரி. நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு படம் பார்த்து வந்தால், பாத்திரம் தேய்ப்பவரின் சம்பளத்தில் எத்தனை நாள் போகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே நாம் இழந்தது அந்தக் கூரையை அல்ல, கூரைக்குக் கீழே இருந்த கூட்டத்தை. அதைக் கட்டடம் இடிபடுவதற்கு முன்பே இழந்துவிட்டோம். முதலில் எழுந்து போனவர்கள் தரைக்காரர்கள் அல்ல, நாற்காலிக்காரர்களான நாம். நாம் போன பிறகு கொட்டகை தள்ளாடியது, தள்ளாடியது இடிந்தது, இடிந்த பிறகு நாமே திரும்பி வந்து அழுதோம். இரங்கற் கட்டுரைகளில் எனக்குள்ள புகார் இதுதான். அவை அழுவது தப்பு இல்லை. அழுபவர்கள் தாங்கள் எப்போது எழுந்து போனார்கள் என்பதைச் சொல்லாமல் அழுகிறார்கள்.

அந்தப் பழைய கட்டுரையை நான் கிழித்துப் போடப் போவதில்லை. நான் எழுதியதுதான்; இருக்கட்டும். ஆனால் அதில் இல்லாதவற்றை இனியாவது எழுத வேண்டும். இரண்டு எந்திரங்களை மாற்றி மாற்றி ஓட்டிய ஆபரேட்டர், ஒரு கொட்டகையிலிருந்து இன்னொன்றுக்கு ரீல் பெட்டியைச் சைக்கிளில் சுமந்த பையன், இடைவேளையில் முறுக்குத் தட்டோடு ஓடியவர், மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள், எல்லாரும் கிழவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதாவிட்டால் இந்த நகரத்தின் சினிமாச் சரித்திரம் பால்கனியின் சரித்திரமாகவே நின்றுபோகும்.

டிக்கெட் கிழித்தவரிடம் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேசலாம் என்றார். என் வீட்டுக்கு வரும்படி அழைத்தேன். "நீங்க வாங்க சார், இந்தத் தடவையாவது" என்றார். போக வேண்டும்.