சைமண்ட்ஸும் எழுத்தின் அமானிதமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் திறனாய்வாளருள் ஜான் அடிங்டன் சைமண்ட்ஸ் தனித்து எண்ணத்தக்கவர். 1840இல் பிரிஸ்டல் நகரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார், ஆக்ஸ்போர்டில் பயின்றார். நுரையீரல் நோய் அவரை 1877இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையூருக்குக் கொண்டு சேர்த்தது. நோயோடு போராடியவாறே எழுதிக் குவித்தவர், 1893இல் ரோம் நகரில் மறைந்தார்.

1875 முதல் 1886 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த 'இத்தாலியில் மறுமலர்ச்சி' அவருடைய பெருநூல். எனினும், அவருடைய திறனாய்வு நேர்மையை அறிய விழைவோர் 1878இல் அவர் வெளியிட்ட மைக்கலாஞ்சலோவின் கவிதை மொழிபெயர்ப்பையே முதலில் நோக்குதல் வேண்டும்.

அக்கவிதைகளை 1623இல் முதன்முதல் நூலாக்கியவர் கவிஞரின் உடன்பிறந்தாருடைய பேரர். குடும்பப் பெயருக்கு இழுக்கு நேருமோ என அஞ்சிய அவர், ஆடவரை நோக்கிய பாக்களில் ஆண்பாற் சொற்களைப் பெண்பாலாக்கினார், கருத்துகளையும் மாற்றினார். 1863இல் குவாஸ்தி என்பார் கையெழுத்துப் படிகளைக் கொண்டு மூலத்தை மீட்டார். சைமண்ட்ஸ் அம்மூலத்தையே பின்பற்றி, முன்னர் நேர்ந்த திரிபையும் வெளிப்படுத்தினார்.

'பிறர் குறையை மறைப்பது நற்பண்பன்றோ?' என வாசகர் வினவலாம். ஆம், ஆனால் மறைத்தல் வேறு, மாற்றுதல் வேறு. வாய்மூடியிருப்பவன் பொய்யுரைப்பதில்லை. ஒருவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பவனோ அமானிதத்தை முறித்தவனாகிறான். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

சைமண்ட்ஸின் சொந்த எழுத்துக்கும் இச்சோதனை வந்தது. ஆடவர்பால் தமக்கிருந்த காதலை ஒளியாது அவர் எழுதிய தன்வரலாறு, 1926இல் ஐம்பதாண்டுத் தடையுடன் லண்டன் நூலகத்தில் வைக்கப்பட்டது. 1984இல்தான் சுருக்க வடிவில் அச்சேறியது. அவ்வாழ்வு குறித்து நாம் எம்முடிவு கொள்ளினும், ஏடு அழியாமற் காக்கப்பட்டது நன்றே.

இனி, அவர் குறையையும் கூறுதல் முறை. இடைக்கால மனிதனை, ஜெனீவா ஏரிக்கரையில் அதன் நீலநீரைக் காணாமலே கடந்து சென்ற புனித பெர்னார்டுக்கு அவர் ஒப்பிட்டார். அழகிய உவமை; ஆயினும் முழு உண்மையன்று. அந்நூற்றாண்டிலேயே இத்தாலியின் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு என்பார் தலமியின் வானநூலைத் தேடித் தொலேதோ சென்று, அரபியிலிருந்து அதனை இலத்தீனாக்கினார். இப்னு ருஷ்தின் உரைகளுடன் அரிஸ்டாட்டில் 1550 முதல் 1552 வரை வெனிஸ் நகரிலே அச்சேறினார். சைமண்ட்ஸ் போற்றிய மறுமலர்ச்சியின் நடுவீட்டில் நிகழ்ந்தது அது! அவ்வாறிருந்தும் அரபு வழி வந்த அறிவுக்கு அவர் தந்த இடம் மிகச் சிறிது. கிரேக்கத்தையும் இத்தாலியையும் இணைத்த சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்து கிடக்கிறது. இஸ்னாதில் ஓர் அறிவிப்பாளர் விடுபட்டாற்போன்ற குறை இது.

ஒரு கவிஞரின் சொற்களில் பிறர் செய்த திரிபைக் கண்டுணர்ந்த அதே கண், ஒரு நாகரிகத்தின் பங்கைக் காணத் தவறியது. எனினும் அக்குறையை அளக்கும் கோலையும் அவரே நமக்குத் தந்து சென்றுள்ளார்: மூலத்திற்குச் செல்க, வந்த வழியை மறையாது உரைக்க. அக்கோலை அவர் நூலின்மீதே வைத்து வாசிப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.