கத்லீன் கோஃப்: கள ஆய்வும் கட்சிசார்பும்

மானிடவியலாளர் கத்லீன் கோஃப் (1925–1990) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவரது வாழ்வை இரண்டாக வகுத்து நோக்குவர். மலபாரிலும் தஞ்சையிலும் கள ஆய்வு செய்து, தாய்வழிச் சமுதாயம் பற்றியும் திருமணம் பற்றியும் நுண்ணிய கட்டுரைகள் எழுதிய 'ஆய்வாளர்' ஒருவர். கியூபா, வியட்நாம் என்று குரலெழுப்பிப் பதவியிழந்த 'போராளி' மற்றொருவர். முன்னவரை மேற்கோள் காட்டுவோர் பின்னவரைப் பற்றி மௌனம் சாதிப்பர். அல்லது, அரசியல் அவரது புலமையைத் தின்றுவிட்டதென இரங்குவர். இப்பகுப்பு கோஃபின் எழுத்துக்களைக் காலவரிசையிற் படிப்பார்க்கு ஏற்புடையதாகத் தோன்றாது என்பதே எமது கருத்து. அரசியல் அவரது புலமையைத் தின்னவில்லை. அவர் கண்டும் காணாதிருந்தவற்றைக் காணச் செய்தது அதுவே.

யோர்க்ஷயரின் சிற்றூரொன்றிலே கொல்லர் ஒருவரின் மகளாகப் பிறந்த கோஃப், கேம்பிரிட்ஜில் பயின்று 1950இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்கான கள ஆய்வை 1947–49இல் மலபாரில் மேற்கொண்டார். பிரித்தானிய ஆட்சி அகன்றுகொண்டிருந்த அவ்வேளையில், பிரித்தானிய மானிடவியலுக்கு உறவுமுறையே முதன்மைப் பொருளாக இருந்தது. நாயர் திருமணம் பற்றிய அவரது 1959ஆம் ஆண்டுக் கட்டுரையும், டேவிட் ஷ்னைடருடன் பதிப்பித்த தாய்வழி உறவுமுறை பற்றிய 1961ஆம் ஆண்டுப் பெருநூலும் இன்றும் பயிலப்படுகின்றன. அவற்றின் தரம் பற்றி இங்கு விரிக்க வேண்டியதில்லை.

எமக்கு முக்கியமானது தஞ்சையே. 1951–53இல் அவர் அங்கு இரண்டு ஊர்களை ஆராய்ந்தார். நூல்களில் அவற்றுக்கு அவர் இட்ட புனைபெயர்கள் கும்பப்பேட்டை, கிரிப்பூர் என்பன. முன்னது பிராமண நிலவுடைமையாளரின் ஆதிக்கத்திலிருந்த ஊர். பின்னது பொதுவுடைமை இயக்கம் வேரூன்றிய கீழைத் தஞ்சையைச் சேர்ந்தது. குத்தகைதாரரையும் பண்ணையாட்களையும் பாதுகாப்பதற்கான 1952ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த காலமும் அதுவே. ஆயினும், அக்காலத்தை அடுத்து அவர் வெளியிட்டவற்றுள் ஒன்று தமிழ்க் கிராமமொன்றின் பிராமண உறவுமுறை பற்றியதாகும். சேற்றில் நின்றவர்கள் அவரது குறிப்பேடுகளில் இருந்தார்கள்; கட்டுரைகளின் நடுவே வரவில்லை.

எட்மண்ட் லீச் 1960இல் பதிப்பித்த சாதி பற்றிய தொகுதி இங்கு நினைவுகூரத்தக்கது. கோஃபின் தஞ்சைக் கட்டுரையும் மைக்கல் பாங்ஸின் யாழ்ப்பாணச் சாதிமுறை பற்றிய கட்டுரையும் அந்த ஒரே நூலிலே இடம்பெற்றன. சாதியொழுங்கு பொருளாதார மாற்றத்தால் தளர்ந்துவருவதை கோஃப் அதில் விவரிக்கிறார். அந்நூல் வெளிவந்து ஆறாண்டுகளில், 1966 ஒக்டோபர் 21இல், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப்பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அமைப்பு எவ்வாறு நிலைபெறுகிறது என்று மட்டும் வினவும் ஆய்வுக்கு இத்தகைய நிகழ்ச்சிகள் எதிர்பாராத விபத்துக்களாகவே தோன்றும். கோஃபின் கட்டுரை அவ்வினாவின் எல்லையை முட்டி நிற்கிறது, அதனைக் கடக்கவில்லை.

கடப்பதற்கு வேண்டிய கல்வியை அவர் வகுப்பறையிற் பெறவில்லை. 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, பிராண்டைஸ் பல்கலைக்கழகத்திற் கற்பித்துக்கொண்டிருந்த அவர், கியூபாவை ஆதரித்து மாணவரிடையே பேசினார். நிர்வாகத்துடன் முரண்பாடு முற்றவே அங்கிருந்து விலகினார். பின்னர் ஒறிகனில் வாழ்ந்த காலத்தில், மாணவர் பெறும் புள்ளிகள் அவர்களை வியட்நாமுக்கு அனுப்புவதற்கு அளவுகோலாவதை அவரும் அவரது கணவரான மானிடவியலாளர் டேவிட் அபர்லேயும் ஏற்க மறுத்தனர். 1967இல் இருவரும் கனடா சென்றனர். வன்கூவரையடுத்த சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் கோஃப் பணியேற்ற துறை, மாணவர்க்கும் முடிவெடுப்பதிற் பங்களிக்க முயன்றது. நிர்வாகம் அதன் சுயாட்சியைப் பறித்தது. 1969இல் வேலைநிறுத்தம் மூண்டது. அதிற் பங்குகொண்ட ஆசிரியர்களுள் ஒருவராக கோஃப் பதவியிழந்தார். கனடியப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் அப்பல்கலைக்கழகத்தைக் கண்டித்தது. அமெரிக்க உளவுத்துறை அவர்மீது கோப்பு வைத்திருந்தமையும் பிற்காலத்தில் வெளிவந்தது.

இவ்விடைக்காலத்தில், 1968இல், மானிடவியலை ஏகாதிபத்தியத்தின் குழந்தையெனச் சுட்டிய கட்டுரையை அவர் வெளியிட்டார். அத்தலைப்பே பலரது நினைவில் நிற்கிறது; வாதமோ தலைப்பினும் ஆழமானது. மானிடவியலாளர் சிற்றூர்களையும் குலக்குழுக்களையும் ஆராய்ந்தனர்; அவ்வூர்களையெல்லாம் பிணைத்துநின்ற ஏகாதிபத்தியத்தை ஒரு சமுதாய அமைப்பாக ஏன் ஆராயவில்லை என்று கேட்டார். அதே ஆண்டு வெளியான மற்றொரு கட்டுரையிலே, சோசலிச நாடுகளையும் முதலாளித்துவப் பாதையிற் செல்லும் வறிய நாடுகளையும் ஒப்பிட்டாராய வேண்டுமென முன்மொழிந்தார். இவை கோஷங்கள் அல்ல, ஆய்வு வினாக்கள். இந்த வேறுபாட்டை அவரை எதிர்த்தவர்கள் மட்டுமன்றி, ஆதரித்தவர்கள் சிலரும் உணரவில்லை.

அவ்வினாக்களை அவர் தம் பழைய களத்திலேயே பரிசோதித்தார் என்பதுதான் அவரது வாழ்வின் சிறப்பு. இந்திய விவசாயி கிளர்ந்தெழாதவன் என்ற பரிங்டன் மூரின் கருத்தை மறுத்து, பிரித்தானியர் காலந் தொட்டு எழுந்த 77 விவசாயக் கிளர்ச்சிகளைத் தொகுத்து 1974இல் ஒரு கட்டுரை எழுதினார். 1976இல், இந்தியாவில் நெருக்கடிநிலை நிலவியபோது, கும்பப்பேட்டைக்கும் கிரிப்பூருக்கும் மீண்டும் சென்றார். ஏறக்குறைய கால் நூற்றாண்டின் பின் அதே தெருக்கள். முதலாய்வின் குறிப்புக்களை வர்க்கநோக்கில் முற்றாக மறுவாசிப்புச் செய்து 1981இல் ஒரு நூலையும், இரண்டாம் ஆய்வின் பயனாக 1989இல் மற்றொரு நூலையும் வெளியிட்டார். உறவுமுறை வரைபடங்கள் நின்ற இடத்திலே குத்தகை, வாரம், பண்ணையாளின் நெற்கூலி என்பன வந்தன. முன்னைய கட்டுரைகளில் ஓரத்தில் நின்றோர் இப்போது நடுவே வருகின்றனர். களம் ஒன்றே, குறிப்பேடுகளும் பெரும்பாலும் அவையே. மாறியது பார்வை. புலமை தேய்ந்தவரால் இவ்வளவு பொறுமையான கணக்கெடுப்பைச் செய்திருக்க முடியுமா?

இலக்கிய மாணவராகிய எமக்கு இது அந்நியமான செய்தி அன்று. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையொன்றில் எரியுண்டு மாண்டது அதே கீழைத் தஞ்சையிலே. பின்னணியில் இருந்தது கூலிப் போராட்டம். அதனை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அக்காதமிப் பரிசு பெற்றது. நிலவுடைமையாளரின் ஆண்மைக்குறை பற்றிய உளவியலுக்கு அந்நாவல் அளித்த இடத்தை முற்போக்கு விமர்சகர் பலர் கண்டித்தனர். கோஃபின் 1981ஆம் ஆண்டு நூலை அந்நாவலுடன் சேர்த்துப் படிப்போர்க்கு அக்கண்டனத்தின் நியாயம் தெளிவாகும். அங்கே கொடுமைக்கு மனநோய் தேவைப்படவில்லை. அரைமரக்கால் நெல்லுக்கான பிணக்கே போதுமானதாக இருக்கிறது. (படைப்பிலக்கியம் புள்ளிவிபரமாக வேண்டுமென்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது.)

கோஃப் குறைகளற்றவர் அல்லர். சோழர்கால அமைப்பை ஆசிய உற்பத்திமுறை என்ற சட்டகத்துள் அடக்கியமை விவாதத்துக்குரியது. அக்கால வணிகமும் நகரங்களும் அச்சட்டகத்துள் எளிதில் அமைவதில்லை. வியட்நாம் பற்றிய எழுத்துக்களில் எமது உடன்பாடின்மை இன்னும் கூடுதலாகும். 1976இல் அங்கு சென்ற குறுகிய பயணத்தின் பேறாக 1978இல் ஒரு நூல் எழுதினார். 1982இல் மீண்டும் சென்று, 1990இல் மற்றொன்றை வெளியிட்டார். தஞ்சையில் நிலவுடைமையாளர் கூறியதை அப்படியே ஏற்காது, வயலில் நின்றவனிடமும் கேட்டு ஒப்பிட்டவர் அவர். மொழியறியாத நாட்டிலே, குறுகிய நாட்களில், அரசின் விருந்தினராகச் சென்றவருக்கு அவ்வொப்பீடு கைகூடவில்லை. அந்நாட்டின் மீது குண்டுமாரி பொழிந்தோரை எதிர்த்து நின்றவரின் பரிவு புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும், 1968இல் அவர் தாமே விதித்த அளவுகோலால் அந்நூல்களை அளந்தால் அவை குறைபடுகின்றன. அதே ஆண்டுகளிலே, சம்பளமின்றி, கெளரவ ஆய்வாளர் என்ற பெயரளவிலான நிலையில், தஞ்சைக் கணக்குகளை ஊர் ஊராகச் சரிபார்த்துக்கொண்டிருந்தவரும் அவரேதான்.