பத்து சென்டிமீட்டர் கட்டையும் ஒரு பயிற்சியாளரும்

சியாவ் லியாங் 1968-இல் பெய்ஜிங்கில் பிறந்தார். சிறுவயதிலேயே ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்குத் தேர்வாகி, சீனத் தேசிய அணியில் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்து, அதன் தலைவர்களில் ஒருவராகவும் உயர்ந்தார். பிள்ளைகளை இளவயதில் தெரிந்தெடுத்து, அரசு விளையாட்டுப் பள்ளியிலேயே தங்கவைத்து, நாள் முழுதும் உடலைப் பழக்குவது அன்றைய சீன முறை. கால்விரல் நுனிவரை வடிவம் குலையாத சுத்தம் அம்முறையின் கொடை.

1991-இல் அவர் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஆங்கிலம் படித்துக்கொண்டே அங்குள்ள ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக வேலை செய்தார். அங்கு அவர் லியாங் சௌ என்று அறியப்பட்டார். 1998-இல், தம்மைப் போலவே சீன வீராங்கனையாக இருந்த மனைவியுடன் சேர்ந்து வெஸ்ட் டி மொயின் நகரில் சொந்தப் பயிற்சிக்கூடம் திறந்தார். சோள வயல்கள் சூழ்ந்த அந்த மாநிலம் ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் பேர்போனதன்று.

தொடக்க நாள்களில் அங்கு வந்து சேர்ந்த ஆறு வயதுச் சிறுமிதான் ஷான் ஜான்சன். உலகத்தரப் போட்டியாளர்கள் பலர் வாரம் நாற்பது மணி நேரம் உழைத்த காலத்தில் அவர் ஏறத்தாழ இருபத்தைந்து மணி நேரமே பயின்றார். மற்றப் பிள்ளைகளைப் போல வழக்கமான பள்ளிக்கும் போய்வந்தார். தாம் வளர்ந்த முறையின் சுத்தத்தை வைத்துக்கொண்டு அதன் நெருக்கடியை விட்டுவிட்டார் லியாங். 2007-இல் ஷ்டுட்கார்ட் உலகப் போட்டியில் அணி, ஒட்டுமொத்தத் தனிநபர், தரைப் பயிற்சி ஆகிய மூன்றிலும் ஜான்சன் தங்கம் வென்றார்.

இந்தக் கலையை ரசிக்க மதிப்பெண் முறையைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். பழைய ‘முழுப் பத்து’ 2006-இல் நீங்கியது. செய்யும் வித்தைகளின் கடினத்துக்கு ஒரு மதிப்பெண், செய்த விதத்தின் சுத்தத்துக்கு இன்னொன்று, இரண்டும் கூட்டப்படும். கடினத்தை ஏற்றினால் சுத்தம் கெடும். சுத்தத்தையே பார்த்தால் கடினம் குறையும். ஒரு மாணவியின் உடலுக்கு இந்த இரண்டும் எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிப்பதில்தான் பயிற்சியாளரின் கைவண்ணம் இருக்கிறது.

சமநிலைக் கட்டையில் அது நன்றாகத் தெரியும். 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரம். ஒன்றரை நிமிடத்துக்குள் ஆட்டம் முடிய வேண்டும். ஜான்சன் குட்டையான, திண்மையான உடல்வாகு கொண்டவர். நீண்ட கால்களின் வளைவைக் காட்டும் ஆட்டம் அவருக்கு ஒத்துவராது. ஆகவே அவரது ஆட்டம் விசையின் மேல் கட்டப்பட்டது. ஓட்டமோ முன்னசைவோ இல்லாமல், நின்ற இடத்திலேயே எம்பிப் பின்கரணமடித்து, காற்றில் ஒரு முழுச் சுற்றும் திரும்பி, அதே கட்டையில் கால் பதிப்பார். பாதம் கட்டையைத் தொட்டதும் உடல் அசையாமல் நிற்கும்.

2008 ஜூனில் ஐயோவா வெள்ளம் பயிற்சிக்கூடத்துக்குள் புகுந்தது; சில காலம் வேறிடத்தில் பயில நேர்ந்தது. ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காக லியாங் அமெரிக்கப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளராகத் தாம் பிறந்த ஊருக்கே வந்தார். அணிப் போட்டியில் சீனாவுக்குத் தங்கம், அமெரிக்காவுக்கு வெள்ளி. ஒட்டுமொத்தப் பிரிவிலும் தரைப் பயிற்சியிலும் ஜான்சனுக்கு மீண்டும் வெள்ளியே. எஞ்சியது கட்டை மட்டும். ஆகஸ்டு 19 அன்று 16.225 பெற்று அவர் தங்கம் வென்றார். சக அமெரிக்க வீராங்கனை நாஸ்டியா லியூகின் இரண்டாமிடமும் சீனாவின் செங் ஃபெய் மூன்றாமிடமும் பெற்றனர்.

2010-இல் வர்ஜீனியா பீச்சிலிருந்து பதினான்கு வயது கேபி டக்ளஸ் குடும்பத்தை விட்டு ஐயோவாவுக்கு வந்தார். அவர் ஜான்சனுக்கு நேர்மாறு: மெலிந்த உடல், கம்பியை விட்டு எழும்பும்போது எடையே இல்லாதது போன்ற மிதப்பு. ‘பறக்கும் அணில்’ என்ற செல்லப்பெயர் அதனால் வந்தது. ஜான்சனின் அச்சில் அவரை வார்க்க லியாங் முயலவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஒட்டுமொத்தப் பிரிவில் டக்ளஸ் முதல் சுற்றிலேயே முன்னிலை பெற்று இறுதிவரை அதை விடாமல் 62.232 எடுத்தார். இரண்டாமிடம் பெற்ற ரஷ்யாவின் விக்டோரியா கோமோவாவுடனான இடைவெளி 0.259 மட்டுமே. அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பெண் டக்ளஸ்.

பின்னர் சீனா லியாங்கைத் தன் பெண்கள் அணிக்கு முதன்மைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. மாணவியை ஆறு வயதிலிருந்து வளர்க்கும் வேலையன்று அது. மாகாணப் பயிற்சியாளர்கள் உருவாக்கி அனுப்பியவர்களை ஓர் அணியாக்கும் பொறுப்பு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த அணி ஏழாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. ஆனால் கட்டையில் குவான் சென்சென் 14.633 பெற்றுத் தங்கமும், டாங் சிஜிங் வெள்ளியும் வென்றனர். சிமோன் பைல்ஸுக்கு வெண்கலம். ஒரு வித்தை முடியுமுன் அடுத்ததைத் தொடங்கிக் கோத்துக்கொண்டே போகும் குவானின் ஆட்டம், ஜான்சனின் நின்று நிதானித்த விசையிலிருந்து முற்றிலும் வேறானது. கட்டையில் லியாங்கின் முதல் ஒலிம்பிக் தங்கம் பெய்ஜிங்கில் அமெரிக்காவுக்கு. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே பத்து சென்டிமீட்டர் கட்டையில் அடுத்தது சீனாவுக்கு.