விழா மேடையின் இரண்டு பாட்டுகள்

தமிழ்நாட்டில் அரசு விழா என்றால் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடியும். முன்னது 55 வினாடி, பின்னது 52 வினாடி. எழுந்து நிற்கிறோம், கைபேசியை அணைப்பதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. அடுத்த முறை காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து, சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தில் இருப்பது. நூல் வெளிவந்தது 1891இல். 1970இல் அது அரசு விழாப் பாடலானது. மெட்டு எம்.எஸ். விஸ்வநாதனுடையது; ராகம் மோகனம், தாளம் திஸ்ரம். வீட்டில் ஒரு தரம் மும்மூன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனால், விழாவில் அந்த ஊஞ்சலாட்டம் தானாகப் பிடிபடும். மோகனத்தில் ஐந்தே சுரங்கள். மத்திமமும் நிஷாதமும் இல்லை. சங்கீதம் படிக்காதவர்களும் கூடிப் பாட இதைவிடத் தோதான ராகம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இசைத்தட்டைப் போடுவதை நான் விரும்புவதில்லை. மாநிலப் பாடலாக அறிவித்த 2021 அரசாணையும் பயிற்சி பெற்றவர்கள் நேரில் பாடுவதையே கேட்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பாடினால் சுருதி கொஞ்சம் முன்னேபின்னே இருக்கலாம். இருக்கட்டும், அது உயிருள்ள பாட்டு.

நாட்டுப்பண் வேறு வார்ப்பு. 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸில் முதன்முதலாக ஒலித்து, 1950 ஜனவரி 24 அன்று நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. முதல் அடி சட்ஜத்தில் கிளம்பி, படியேறி, மத்திமத்தில் போய் நிற்கும். இறுதியில் வரும் வெற்றி முழக்கத்தைத்தான் கூர்ந்து கேட்க வேண்டும். முதல் மூன்று முழக்கங்கள் மேல் சட்ஜத்திலிருந்து ஒவ்வொரு படியாக இறங்குகின்றன. உடனே கீழ்ச் சட்ஜத்திலிருந்து ஒரே மூச்சில் ஏற்றம். மறுபடி அதே மத்திமம். சட்ஜத்தில் வந்து அடங்கும் பாட்டுகளுக்குப் பழகிய காதுக்கு இது முடிவாகவே தோன்றாது. மோகனம் தொடாமல் விட்ட சுரத்தில் விழா நிறைவடைகிறது! இதைக் கவனித்த பிறகு இரண்டையும் என்னால் தனித்தனியாகக் கேட்க முடிவதில்லை.

பக்கத்தில் நிற்பவர் உதடு அசைக்கிறாரா என்று பார்க்காதீர்கள். பாடாமல் மரியாதையோடு எழுந்து நிற்பது அவமதிப்பு ஆகாது என்று, கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் மூவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இலேயே சொல்லிவிட்டது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் அந்த மத்திமத்தைத் தவறவிடுவீர்கள்.